டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை

அம்மாவுக்கு முட்டி வலி. மூன்று வருடமாக வெந்நீர் ஒத்தடம், தைலம், அக்கம்பக்கத்தார் சொன்ன கைவைத்தியம் எல்லாம் பார்த்து ஓய்ந்து, ஒருவழியாகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். டோக்கன் எண் 41. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் டாக்டர் கையை நீட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து அம்மா நாற்காலியை இழுத்தார். டாக்டர் கேட்டது எக்ஸ்ரேயை. வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். "தேய்மானம். வயசாச்சுல்ல?" என்றார். எழுதினார், மணியை அடித்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா கேட்டார்: "முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கலியேடா?"

அவர் சொன்ன நோய் சரி. எழுதிய மாத்திரையும் சரி. பிறகு வேறொரு டாக்டரிடம் காட்டியபோது அவரும் அதையேதான் தொடரச் சொன்னார். ஆனால் அம்மா நான்கே நாளில் மாத்திரையை நிறுத்தியிருந்தார். "ஆளைப் பார்க்காமலே எழுதின மருந்து" என்பது அவர் கட்சி. நம் ஊரில் டாக்டர்கள் மீதான மனக்குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. படிப்பு போதாது என்று யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. முகத்தைப் பார்க்கவில்லை, சொல்ல வந்ததைச் சொல்ல விடவில்லை, ஒரு சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறார். இவைதான் புகார்கள்.

கைராசி டாக்டர் என்று நாம் சொல்வதுண்டு. அவர் தொட்டால் காய்ச்சல் இறங்கும் என்பார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தச் சொல்லில் 'கை' இருக்கிறது. தொட்டுப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பட்டம் கிடைத்தது. அதற்காக அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாரும் கருணைக் கடல் என்று நான் சொல்ல வரவில்லை. சிறுவயதில் எனக்கு ஊசி போட்டவர் வாயைத் திறந்தாலே திட்டுதான். அவரைக் கண்டால் அப்பாவே எழுந்து நிற்பார். இருந்தாலும் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதும், பாட்டி காசநோயில் போனதும், எனக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் சீட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். எங்களைத் தெரிந்த மனிதர் திட்டினார், அவ்வளவுதான்.

இப்போது தெரிந்துகொள்ள நேரம் எங்கே இருக்கிறது? 67 நாடுகளில் பொதுமருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இந்தியாவில் சுமார் 2 நிமிடம். வங்கதேசத்தில் 48 வினாடி. இன்னொரு கணக்கும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், புதிதாக வரும் நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 வினாடியில் அவர்களாகவே சொல்லி முடித்துவிட்டார்கள். அதற்கு முன்பு, 1984-இல், அமெரிக்காவில் பார்த்தபோது டாக்டர்கள் சராசரியாக 18 வினாடியிலேயே குறுக்கே புகுந்திருந்தார்கள். நோயாளியைப் பேசவிட்டால் புராணம் பாடுவார் என்ற பயம் எல்லா ஊர் டாக்டருக்கும் பொது போலிருக்கிறது. உண்மையில் நம்முடைய இரண்டு நிமிடத்திலேயே நோயாளியின் பேச்சு அடங்கிவிடும். டாக்டர் பதில் சொல்லத்தான் இடமிருக்காது.

சரி, கூட்டம்தான் காரணம் என்று இத்தோடு முடித்துவிடலாமா என்றால், ஓர் இந்திய ஆய்வு குறுக்கே நிற்கிறது. பொருளாதார அறிஞர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய சகாக்களும் மத்தியப் பிரதேசத்தில் செய்தது. நெஞ்சுவலி, ஆஸ்துமா என்று நடிக்கப் பயிற்சி கொடுத்த ஆட்களை டாக்டர்களிடம் அனுப்பினார்கள். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே தனியாகவும் கிளினிக் நடத்தும் டாக்டர்களிடம் இரண்டு இடத்துக்கும் ஆள் போனது. 2016-இல் வெளியான முடிவு இதுதான்: அதே டாக்டர், அதே நோய், ஆனால் தன் கிளினிக்கில் கூடுதல் நேரம் ஒதுக்கினார், கூடுதலாகக் கேள்வி கேட்டார், சரியான மருந்து கொடுத்ததும் அங்கேதான் அதிகம்.

இதைக் கண்டுபிடிக்க நமக்கு ஆய்வு தேவையே இல்லை. "காலையில ஜி.எச்.ல பார்க்காத, சாயங்காலம் அவர் கிளினிக்குக்குப் போ" என்று எந்த மாவட்டத் தலைநகரிலும் ஆட்டோக்காரரே சொல்லுவார். காலையில் "நாக்கை நீட்டு, தள்ளி உட்காரு" என்றவர் சாயங்காலம் "சொல்லுங்கம்மா, எத்தனை நாளா இருக்கு?" என்கிறார். அக்கறை செத்துப்போகவில்லை. அதற்கு வேலை நேரம் ஒன்று இருக்கிறது.

அந்த ஒருமையை மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வாசலில் இருக்கும் காவலாளி முதல் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் வரை எல்லாரும் நம்மை நீ, வா, போ என்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து இருபத்து மூன்று வயதுப் பயிற்சி டாக்டர் "திரும்பிப் படு தாத்தா, எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவதை எந்த வார்டிலும் கேட்கலாம். அந்தப் பையன் தன் சொந்தத் தாத்தாவிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டான். கல்லூரியில் சேர்ந்த அன்றும் பேசியிருக்க மாட்டான். அப்படியானால் இடையில் எங்கேயோ கற்றிருக்கிறான்.

சேரும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 2024-இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் இருந்த எம்பிபிஎஸ் இடங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம், அதில் பாதியளவுதான் அரசுக் கல்லூரிகளில். இந்தச் சல்லடையில் தேறி வருபவர், பதினைந்து வயதிலிருந்து கோச்சிங் சென்டரில் கொள்குறி வினாக்களோடு குடும்பம் நடத்தியவர். அவரிடம் மருத்துவத்தின் மேல் ஆசை இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் தோன்றாது, ஏனென்றால் நம் வீடுகளில் மார்க் நன்றாக வந்தால் டாக்டர் என்பது முன்பே முடிவானது. நீட்டுக்கு முந்தைய பிளஸ் டூ மதிப்பெண் முறையும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய யோக்கியம் இல்லை. அதுவும் கட்-ஆஃப் மட்டுமே பார்த்தது. பிள்ளை பூச்சியைக் கண்டு இரங்குமா, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசுமா என்பதை எந்த விடைத்தாளும் அளந்ததில்லை.

ஆனால் இதை வைத்து ஈடுபாடே இல்லாதவர்கள்தான் உள்ளே போகிறார்கள் என்று சொன்னால் அது பொய். முதலாம் ஆண்டு மாணவர்களிடம் பேசிப் பாருங்கள், கண்ணில் வெளிச்சம் இருக்கும். அது குறைவது பிறகு. பிலடெல்பியாவில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஆண்டுதோறும் அளந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பரிவு சரிந்த ஆண்டு மூன்றாவது ஆண்டு என்று தெரிந்தது. மாணவர்கள் நோயாளிகளோடு அதிகம் பழகத் தொடங்கும் ஆண்டு அது. முதலில் வாசித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு நம் வார்டுகளில் பாடம் நடக்கும் விதத்தை நினைத்துப் பார்த்தேன்.

பேராசிரியர் முன்னால், பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் பின்னால். கட்டிலில் கல்லீரல் வீங்கிய மனிதர். "நல்ல கேஸ்" என்கிறார் ஒருவர். நல்ல கேஸ் என்றால் தொட்டதும் கையில் தட்டுப்படும் அளவுக்கு முற்றிய நோய் என்று பொருள். வரிசையாக ஒவ்வொருவரும் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார்கள். ஏழாவது கை அழுத்தும்போது அவர் முகம் சுளிக்கிறது. திரை பாதிதான் இழுத்திருக்கிறது. எதிர்க் கட்டிலில் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வாழ்வேன் என்கிறார்களா சாவேன் என்கிறார்களா என்று தெரியாது. பாடம் முடிந்ததும் கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறது. சட்டையை இறக்கிவிடுவதும் அவரே. அன்றைக்கு மாணவர்கள் கல்லீரலை அளக்கக் கற்றார்கள். கூடவே, கேட்காமல் தொடலாம், சொல்லாமல் போகலாம் என்பதையும் கற்றார்கள். இந்த இரண்டாவது பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் யாரும் அதில் ஃபெயில் ஆவதில்லை.

பாடத்திட்டம் ஒன்றும் சும்மா இல்லை. 2019-இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு மூன்றையும் சேர்த்து 'ஏட்காம்' என்று ஒரு பகுதியைக் கொண்டுவந்தார்கள். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, நோயாளியிடம் ஒப்புதல் எப்படி வாங்குவது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் காலையில் வகுப்பறையில் படித்ததை மதியம் வார்டில் சீஃப் காற்றில் விட்டால் மாணவர் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்?

பயிற்சி டாக்டராக இருக்கும் ஓராண்டு, நோயாளியோடு உட்கார்ந்து பேசிப் பழக வேண்டிய காலம். அதை இரண்டு விஷயங்கள் தின்றுவிடுகின்றன. ஒன்று எடுபிடி வேலை: ரத்தம் எடு, ஊசி போட நரம்பைத் தேடு, லேபுக்கு ஓடி ரிப்போர்ட் வாங்கு, டிஸ்சார்ஜ் சீட்டு எழுது. இன்னொன்று முதுநிலை நீட். வெறும் எம்பிபிஎஸ் என்றால் கல்யாணச் சந்தையில்கூட மதிப்பில்லை என்றாகிவிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் அந்தத் தேர்வில் விரும்பிய துறை கிடைப்பது முன்னணி ரேங்க்குகளுக்குத்தான். எனவே வார்டு மூலையில் நின்று செல்போன் செயலியில் வினாக்களைத் தட்டிக்கொண்டிருக்கும் ஹவுஸ் சர்ஜனை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளியிடம் பத்து நிமிடம் பேசினால் ஒரு மார்க்கும் கிடையாது. ஆசைப்பட்டது குழந்தைகள் நலம், ரேங்க் தந்தது மயக்கவியல் என்று துறைக்குள் போனவர் எத்தனை பேர்! ஈடுபாடு எங்கே என்று பிறகு அவர்களிடம் போய்க் கேட்கிறோம்.

முதுநிலைக்குள் நுழைந்தால் தூக்கம் போகிறது. இவர்களைப் போல மருத்துவமனையிலேயே தங்கிப் பணியாற்றும் உறைவிட மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாகப் பணி தரக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே விதி வகுத்தது. அந்த விதி உயிரோடு இருப்பதாக எந்த பிஜியும் நம்புவதில்லை. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. 48-இலிருந்து கிளம்பி 74-ஐச் சலுகையாகக் கேட்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். அந்தக் குழுவின் கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்பிபிஎஸ் மாணவர்களில் 27.8 சதவீதம் பேர், தங்களுக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு உறுதியாகியிருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள்.

என் அக்கா மகள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பிஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த ஊர்ப் பக்கம் போனபோது மருத்துவமனை வாசல் டீக்கடையில் சந்தித்தேன். முந்தின நாள் காலை எட்டு மணிக்கு உள்ளே போனவள். நான் பார்த்தபோது மாலை ஆறு. டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "மாமா, ராத்திரி ஒரு அம்மா இறந்துட்டாங்க. அவங்க பையன் அழுதுட்டே நின்னான். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இவன் சீக்கிரம் கையெழுத்துப் போட்டா அரை மணி நேரம் படுக்கலாமேன்னு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "காலையில அதை நினைச்சப்ப எனக்கே பயமா இருந்துச்சு" என்றாள். சின்ன வயதில் கால் உடைந்த மைனாவுக்கு ஐஸ்குச்சி வைத்துக் கட்டுப் போட்டவள் இவள். அன்று இரவு அந்தப் பையன் வீட்டுக்குப் போய் 'டாக்டரம்மாவுக்கு ஈவிரக்கமே இல்லை' என்று சொல்லியிருப்பான். அவன் சொல்வதும் பொய்யில்லை.

அப்புறம் பணம். இதில் எல்லாருக்கும் தெரிந்த கதையே அதிகம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 20 ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். நிலத்தை விற்றுப் படித்தவருக்கு ஒவ்வொரு நோயாளியும் ஒரு தவணை. ஸ்கேன் எழுதினால் ஸ்கேன் சென்டரிலிருந்து கவர் வரும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கிருந்து வரும். டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. இருந்தும் 2017-இல் மும்பையில் ஓர் இதய மருத்துவமனை, 'டாக்டர்களுக்குக் கமிஷன் கிடையாது' என்று சாலையில் பெரிய விளம்பரப் பலகை வைத்தது. கமிஷன் வாங்காததை விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிறது. அதை எதிர்த்து டாக்டர்கள் சங்கமே குரல் எழுப்பியது வேறு கதை. நோயாளி பக்கமும் பணம்தான் உறுத்துகிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரடியாகப் போவது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 ஆகக் குறைந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. குறைந்தும்கூட ஐந்தில் இரண்டு பங்கு. தாலிச் செயினை அடகு வைத்துவிட்டு வருபவர், டாக்டர் எழுதும் ஒவ்வொரு பரிசோதனையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சந்தேகம் முற்றினால் வழக்கு, இல்லையென்றால் அடி. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. தேவையான தீர்ப்புதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் நிழலில் டாக்டர் பேசுவது குறைந்து, எழுதிவைத்துக்கொள்வது கூடியது. தலைவலி என்றால் தன் அனுபவத்தை நம்பி "ஒண்ணுமில்ல, போய்த் தூங்கு" என்று அனுப்பிய டாக்டர், நாளை கேள்வி வந்தால் என்ன செய்வது என்று ஸ்கேன் எழுதுகிறார். அடியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை. அது இருக்கும்போதுதான் 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு உயர்சிறப்பு மருத்துவமனையில், ஒரு புற்றுநோயாளியின் மகன் தன் தாய்க்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்று டாக்டரைக் கத்தியால் குத்தினார். குத்தியதற்கு எந்த நியாயமும் கிடையாது. பிறகு நடந்த பேச்செல்லாம் காவலர், கேமரா, நுழைவுச் சீட்டு பற்றி. புற்றுநோய் முற்றிய ஒருவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து, இனி என்ன நடக்கும் என்று சொல்வதற்கு ஓர் ஆளும் ஓர் அறையும் வேண்டும் என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் பெரிதாகக் காதில் விழவில்லை.

இத்தனைக்கும் நடுவே நாம் கொண்டாடும் டாக்டர்கள் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் திருவேங்கடம் வீரராகவன். இருவரையும் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்றே வடசென்னை கூப்பிட்டது. 2018-இலும் 2020-இலும் அவர்கள் இறந்தபோது தெருவே திரண்டது. அவர்களை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பட்டப்பெயரில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நல்ல டாக்டர் என்றால் காசு வாங்காத டாக்டர் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அவர்களிடம் போனவர்கள் சொல்வதைக் கேட்டால் ஐந்து ரூபாயைவிட, "பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு" என்பதுதான் முதலில் வரும். கருணையைத் தனிமனிதத் தியாகமாக்கிச் சிலை வைத்துவிட்டால், மற்ற டாக்டர்களிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை; அரசிடம் இன்னும் நாலு டாக்டர் போடு என்றும் கேட்க வேண்டியதில்லை. வசதிதான்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். கோழிக்கோட்டில் 1993-இல் ராஜகோபால் முதலான டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு வீடுவீடாகப் போகும் ஏற்பாடாக வளர்ந்தது. கேரள அரசு 2008-இல் அதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே போகும் டாக்டர்களும் செவிலியர்களும் பிறவிப் புனிதர்கள் என்று தோன்றவில்லை. குணமாக்க முடியாது என்று தெரிந்தே போவதால், உட்கார்ந்து கேட்பதையே வேலையாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு நேரமும் ஒதுக்கினார்கள். நோயாளிக்கு இரக்கம்கூட வேண்டியதில்லை. இரக்கம் மேலிருந்து கீழே பார்ப்பது. நிமிர்ந்து ஒருமுறை முகத்தைப் பார்த்தால் போதும் என்பதுதான் அம்மா கேட்டதும்.

அந்த இரண்டாவது டாக்டர், எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளிச் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண். முதல் தடவை போனபோது எக்ஸ்ரேயை மேசையில் வைத்துவிட்டு, "கதவு வரைக்கும் நடந்து காட்டுங்கம்மா" என்றார். முட்டியைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். "படி ஏறும்போது வலி அதிகமா, இறங்கும்போதா?" என்று கேட்டார். இறங்கும்போது என்று அம்மா சொன்ன வேகத்தைப் பார்த்தால், மூன்று வருடமாக யாராவது இதைக் கேட்பார்களா என்று காத்திருந்தவர் போல இருந்தது. அதே மாத்திரையை இப்போது ஒழுங்காகப் போடுகிறார். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அந்த டாக்டரின் கைராசியைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். அவர்களும் போனார்கள், அவர்கள் இன்னும் பத்துப் பேருக்குச் சொன்னார்கள். இப்போது அங்கே டோக்கன் வாங்கக் காலை ஆறு மணிக்கே போக வேண்டும். போன வாரம் எங்களுடையது 58. உள்ளே மூன்று நிமிடம் இருந்தோம். இந்த முறை நடந்து காட்டச் சொல்லவில்லை.